ரெய்கி தொடரலாமா, கீமோவை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 57 வயது. நான்கு மாதங்களுக்கு முன் இடது மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று என்று எட்டு கீமோ போட வேண்டும் என்றார் டாக்டர். மூன்று முடிந்திருக்கிறது. முதல் கீமோவுக்குப் பிறகு வாந்தியும் தூக்கமின்மையுமாக அம்மா துவண்டுபோனார். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஒரு ரெய்கி மாஸ்டர் வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, உடலில் கை வைத்துச் சக்தி கொடுப்பதாகச் சொல்லிச் சிகிச்சை தருகிறார். ஒரு தடவைக்கு 600 ரூபாய். அம்மா இப்போது நன்றாகத் தூங்குகிறார், முகமே தெளிந்திருக்கிறது. ஆனால் மாஸ்டர், "கீமோ சக்தி ஓட்டத்தைத் தடுக்கிறது, இரண்டு மாதம் தள்ளிப்போட்டு ரெய்கி மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். இது புத்தர் காலத்து வைத்தியம், அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலேயே தருகிறார்கள்" என்கிறார். மூன்றாவது கீமோ முடிந்து பத்தாம் நாள் காய்ச்சல் வந்தபோது, "நச்சு வெளியேறுகிறது, மாத்திரை வேண்டாம்" என்றார். மறுநாள் இறங்கிவிட்டது. அம்மாவும் இனி கீமோ வேண்டாம் என்கிறார். நானே ரெய்கி கற்றுக்கொள்ள 25,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். அண்ணனோ எல்லாம் ஏமாற்று, உடனே நிறுத்து என்று சண்டை போடுகிறான். நான் என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் காய்ச்சல்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுநோய்ச் செல்லும் அதில் அடக்கம், எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்களும் அடக்கம். அதனால் ஊசி போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை வெள்ளை அணு எண்ணிக்கை மிகவும் கீழே போய்விடும். வார்டில் "கவுண்ட் இறங்கிடுச்சு" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த நாட்களில் கிருமி உள்ளே புகுந்தால் எதிர்த்து நிற்க உடலில் ஆள் இல்லை. சளி, சீழ், வீக்கம் எதுவும் வெளியே தெரியாது, காய்ச்சல் மட்டும்தான் தெரியும். சில மணி நேரத்தில் கிருமி ரத்தத்தில் பரவி உயிரைப் பறித்துவிடக்கூடும். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது பத்தாம் நாள். தானாக இறங்கியதை நல்ல நேரம் என்றுதான் சொல்வேன். அடுத்த முறையும் அப்படியே இறங்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

ஆகவே இன்றே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால், அல்லது காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் எடுத்தால், நள்ளிரவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும் ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக, "கீமோ நோயாளி, இந்தத் தேதியில் ஊசி போட்டது, காய்ச்சல்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் வரிசையில் உட்கார வைக்காமல் ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். ஜுரம் பார்ப்பதற்கு முன்னால் பாராசிட்டமால் கொடுத்துவிட வேண்டாம், அது சூட்டை மறைத்துவிடும். நச்சு வெளியேறுகிறது என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும், இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். அப்புறம், சென்ற முறை வந்த காய்ச்சலை டாக்டரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த சந்திப்பில் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கீமோவுக்கு மறுநாள் கவுண்ட் ஏற்றும் ஊசி போடுவார்கள்.

சரி, இப்போது ரெய்கிக்கு வருவோம்.

இது புத்தர் காலத்து வைத்தியம் இல்லை. ஜப்பானில் 1865-இல் பிறந்த மிகாவோ உசூயி என்பவர் கியோட்டோ அருகே குராமா மலையில் 21 நாள் உபவாசமும் தியானமும் இருந்து, 1922-இல் இந்த முறையைத் தொடங்கினார் என்பதுதான் ரெய்கிக்காரர்களே சொல்லும் வரலாறு. அவர் 1926-இல் காலமானார். அவருடைய மாணவர்களில் ஒருவர் சூஜிரோ ஹயாஷி, ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி, டோக்கியோவில் ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பெண் ஹவாயோ தகாத்தா 1935-இல் அங்கே நோயாளியாகப் போய், குணமடைந்து, கற்றுக்கொண்டு ஹவாய்க்குத் திரும்பினார். இன்று உலகம் முழுக்கப் பரவியிருப்பது பெரும்பாலும் அவர் வழியாக வந்ததுதான். மாஸ்டர் ஆவதற்குப் பெருந்தொகை வாங்கும் வழக்கமும் அவர் காலத்தில் வந்தது. அவர் வாங்கியது 10,000 டாலர். உசூயி சொன்ன ஐந்து நெறிகள் மிக எளிமையானவை: இன்று ஒரு நாள் கோபம் வேண்டாம், கவலை வேண்டாம், நன்றியோடு இரு, உன் வேலையை ஒழுங்காகச் செய், பிறரிடம் அன்பாக இரு. இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்கப்போவதில்லை. கேள்வி எல்லாம் கையிலிருந்து ஒரு சக்தி பாய்ந்து நோயைத் தீர்க்கிறது என்பதில்தான்.

அப்படி ஒரு சக்தி இருப்பதற்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, ரெய்கிக்கு நெருங்கிய உறவான ஒரு தொடுசிகிச்சையைச் செய்பவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினாள். நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு. சிகிச்சையாளர் அதிலுள்ள துளைகள் வழியே இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். சிறுமி ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையைத் தொடாமல் பிடிப்பாள். எந்தக் கைக்கு மேல் என்று உணர்ந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 21 பேர், மொத்தம் 280 முறை. சரியாகச் சொன்னது 123 முறை, அதாவது 44 சதவீதம். காசைச் சுண்டிப்போட்டிருந்தாலும் பாதிக்குப் பாதி வந்திருக்கும். இது 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே வெளியானது. மனித உடலைச் சுற்றியுள்ள சக்தியைக் கையால் உணர்கிறோம் என்று நம்பியவர்கள், பக்கத்திலிருந்த கையையே உணரவில்லை.

ஆனால் அம்மா தூங்குகிறாரே என்று கேட்பீர்கள். தூங்குகிறார், அதை நான் முழுமையாக நம்புகிறேன். உங்கள் அண்ணன் அவசரப்படுவதும் இந்த இடத்தில்தான். அம்மாவுக்குக் கிடைத்த ஆறுதலை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவிய ஆய்வு ஒன்று 2011-இல் வந்தது. கீமோ ஏற்றிக்கொண்டிருந்த 189 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி பெற்றவர் ரெய்கி தந்தார். இன்னொரு பிரிவுக்கு, ரெய்கி தெரியாத ஒருவர் அதே மாதிரி கையை வைத்துப் பாவனை செய்தார். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ரெய்கி பெற்றவர்களுக்கு ஆறுதலும் நிம்மதியும் கூடியிருந்தது. பாவனை ரெய்கி பெற்றவர்களுக்கும் அதே அளவு கூடியிருந்தது! வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. ரெய்கி கற்பவர்களுக்குத் தரும் தீட்சையோ சின்னங்களோ இல்லாமலே பலன் வந்துவிட்டது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், தன் மேல் மட்டும் கவனம் வைத்து, இதமாகக் கை வைத்திருந்ததுதான் அந்த நோயாளிகளுக்கு வேண்டியிருந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் அம்மாவை இந்த நான்கு மாதத்தில் எத்தனை கைகள் தொட்டிருக்கும்? ஊசி போட, தையல் பிரிக்க, நரம்பு தேட, கட்டி இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க. வலி தராமல், எதையும் தேடாமல் அவரைத் தொட்ட கை அநேகமாக அந்த மாஸ்டருடையதாக இருக்கலாம். எங்கள் வெளிநோயாளிப் பிரிவுகளில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கவே திணறுகிறோம். அந்தக் குறையைத்தான் மாஸ்டரின் ஒரு மணி நேரம் நிரப்பியிருக்கிறது. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமில்லை, வருத்தம் இருக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, மருந்து சம்பந்தப்பட்டது. வாந்தி வராமல் இருக்கக் கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்போம். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மருந்தின் வேகம் தணிந்ததும் தூக்கம் தானாகத் திரும்பும். கீமோவின் உபாதைகளே அப்படித்தான்: முதல் வாரம் மோசம், மூன்றாம் வாரம் ஓரளவு பழைய நிலை. துவண்டு கிடக்கும் நாளில் எந்தச் சிகிச்சையைத் தொடங்கினாலும், அடுத்த வாரம் அதனால்தான் தேறினார் என்றே தோன்றும்.

நோயைத் தீர்ப்பதில் ரெய்கிக்கு ஏதாவது பங்கு உண்டா என்றால், இல்லை. மூட்டும் தசையும் ஓயாமல் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 100 பேரிடம் அமெரிக்காவில் செய்த சோதனையில், உண்மையான ரெய்கிக்கும் நடிகர்கள் செய்த பாவனைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, வலியும் குறையவில்லை. மனச்சோர்வு, பதற்றம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் 2015-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, பலன் உண்டு என்று சொல்லப் போதுமான ஆதாரமில்லை என்று முடித்தது. புற்றுநோய்க் கட்டியை ரெய்கி சுருக்கியதாக ஒழுங்கான ஆய்வு ஒன்றுகூட கிடையாது.

"அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலேயே தருகிறார்கள்" என்பது உண்மைதான். எப்படித் தருகிறார்கள் என்பதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார். அங்கே கீமோ ஏறிக்கொண்டிருக்கும்போதே, பதற்றம் குறையட்டும் என்று, பல இடங்களில் தன்னார்வலர்கள் வந்து கைவைத்துவிட்டுப் போகிறார்கள். கீமோவை நிறுத்திவிட்டு இதைச் செய் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்வதில்லை. வெளிநாட்டு ரெய்கி அமைப்புகளின் நடத்தை விதிகளிலேயே நோயைக் கணிக்கக் கூடாது, மருத்துவர் தந்த சிகிச்சையை நிறுத்தச் சொல்லக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் மாஸ்டர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். இந்தியாவில் இன்னும் மோசம். ஆயுர்வேதம், சித்தா போல அரசு அங்கீகரித்த ஆயுஷ் மருத்துவ முறைகளில் ரெய்கி ஒன்றல்ல, இதற்கென்று பதிவோ கவுன்சிலோ கிடையாது. வாரக் கடைசி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டுப் பலகை மாட்டலாம். தவறு நடந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை மட்டும் 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது.

கீமோவைத் தள்ளிப்போடும் விஷயத்துக்கு வருகிறேன். கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இன்னும் எதற்கு இந்த வேதனை என்று அம்மா நினைப்பது இயல்பு. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத செல்கள் ரத்தத்தின் வழியே எலும்பிலோ நுரையீரலிலோ போய் உட்கார்ந்திருக்கலாம் என்பதால்தான் ஆபரேஷனுக்குப் பிறகும் கீமோ. கீமோ இல்லாமலே ரெய்கியில் குணமானேன் என்று யாராவது சொன்னால், அவருக்கு ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பல பேருக்கு நடந்திருக்கும், குணப்படுத்தியதும் அதுதான். கீமோவின் வேலை நோய் திரும்ப வரும் வாய்ப்பைக் குறைப்பது. பாதியில் விட்டால் நாளைக்கே எதுவும் ஆகாது, அதனால்தான் விடுவது பாதுகாப்பானது போலத் தோன்றுகிறது. விளைவு இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியவரும், அப்போது நாங்கள் செய்யக்கூடியது குறைந்துபோயிருக்கும்.

இதை அமெரிக்காவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். பரவாத நிலையில் இருந்த புற்றுநோய்க்கு மருத்துவச் சிகிச்சையே வேண்டாம் என்று மாற்று முறையை மட்டும் நம்பியவர்களிடம், இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்தரை மடங்குக்கும் மேல். அதே குழுவினர் 2018-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது. மருத்துவச் சிகிச்சையோடு வேறு துணை முறைகளையும் சேர்த்துக்கொண்ட 258 பேரை, அப்படிச் சேர்க்காத 1,032 பேரோடு ஒப்பிட்டார்கள். துணை முறை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேர் கீமோவை மறுத்திருந்தார்கள், மற்றவர்களில் 3 சதவீதம்தான். துணை முறை எடுத்தவர்களின் இறப்பு அபாயம் இரண்டு மடங்கு. ஆனால் சிகிச்சையை மறுத்ததையும் தள்ளிப்போட்டதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. துணை முறை யாரையும் கொல்லவில்லை, அதை நம்பி விட்டுவிட்ட சிகிச்சைதான் ஆளை எடுத்தது.

ஆகவே ரெய்கியை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அம்மாவுக்குப் பிடித்திருந்தால் வரட்டும், கை வைக்கட்டும். ஆனால் மாஸ்டரிடம் நீங்களே நேராகப் பேசிவிடுங்கள்: "கீமோ, மாத்திரை, காய்ச்சல் பற்றி அம்மாவிடம் நீங்கள் எதுவும் சொல்லக் கூடாது. அது எங்களுக்கும் டாக்டருக்கும் இடையே உள்ளது." நல்ல மனிதராக இருந்தால் ஒப்புக்கொள்வார். மறுத்தால் அந்த நாளோடு அவரை அனுப்பிவிடுங்கள், தயங்கவே வேண்டாம்.

வருகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உட்கார வேண்டும். அவருக்குச் சளி இருமல் இருந்தால் வரக் கூடாது. கவுண்ட் குறையும் வாரத்தில் கூட்டமாக உட்கார்ந்து செய்யும் ஹீலிங் நிகழ்ச்சிகளுக்கு அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையை அழுத்தவோ உருவிவிடவோ கூடாது, வீக்கம் வந்துவிடலாம். கீமோ ஏற்றத் தோலுக்கு அடியில் பதித்த போர்ட் இருந்தால் அதன் மேலும் கை படக் கூடாது. சிலர் சக்தி ஏற்றிய தண்ணீர் என்று பாட்டிலில் தருவார்கள். அம்மா குடிப்பது கொதித்து ஆறிய தண்ணீராக மட்டும் இருக்கட்டும். பொடி, லேகியம் எது வந்தாலும் கீமோ டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடக் கூடாது.

அந்த 25,000 ரூபாயைக் கட்டாதீர்கள். அடுத்த நிலையையும் முடித்தால் தூரத்திலிருந்தே சக்தியை அனுப்பலாம் என்றும் சொல்லியிருப்பார்கள். அதற்குச் செலவழிக்க எந்த அடிப்படையும் இல்லை. நீங்கள் அம்மாவின் மகள், அவர் தலையில் கை வைக்க யாரிடமும் தீட்சை வாங்க வேண்டியதில்லை. மாலையில் அரை மணி நேரம் டிவியையும் போனையும் அணைத்துவிட்டு, நெற்றியில், தோளில், பாதத்தில் கையை இதமாக வைத்துக்கொண்டு உட்காருங்கள். பேச வேண்டும் என்றால் பேசுவார். அண்ணனையும் ஒரு நாள் உட்காரச் சொல்லுங்கள். சண்டை போடுகிறான் என்றால் அவனும் பயந்திருக்கிறான் என்று அர்த்தம், அதைக் காட்ட அவனுக்கு வேறு வழி தெரிந்திருக்காது.

அம்மாவிடம் ரெய்கியைப் பற்றி வாதாட வேண்டாம். கீமோ வேண்டாம் என்று அவர் சொல்வது ரெய்கி மேலுள்ள நம்பிக்கையால்தான் என்று நான் நினைக்கவில்லை, தாங்க முடியாமல்தான் சொல்கிறார். "இதில் உனக்கு எதும்மா ரொம்பக் கஷ்டம்?" என்று கேளுங்கள். வாந்தி என்பார், வாய்ப்புண் என்பார், முடி போனது என்பார், மறுபடி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் சொல்லலாம். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நான்காவது கீமோவுக்குப் போகும்போது டாக்டர் முன் வையுங்கள். வாந்திக்கு ஒண்டான்செட்ரான் மட்டும் போதவில்லை என்றால் இரவில் ஓலான்சபைன் மாத்திரை சேர்க்கலாமா என்று கேளுங்கள். வாந்தியையும் குறைக்கும், தூக்கமும் தரும். ஸ்டீராய்டை மாலையில் சாப்பிடாமல் காலையிலேயே முடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் ஒரு நாளைக்கு நாலைந்து முறை கொப்பளிக்கலாம்.

அப்புறம், வழக்கமான முறையில் எட்டு கீமோ என்றால் முதல் நான்கில் சிவப்பு மருந்து இருக்கும், வாந்தி அதில்தான் அதிகம். அடுத்த நான்கில் மருந்து மாறும். அதில் கைகால் மரத்துப்போவதும் உடம்பு வலியும் வரலாம், ஆனால் வாந்தி பொதுவாகக் குறைந்துவிடும். அம்மாவுக்கு அந்த வரிசைதானா என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அதுதான் என்றால், வாந்தி அதிகம் தரும் மருந்து இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி என்பதை அம்மாவிடம் டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.